மூன்று மாத மாப்பிள்ளை

ஒவ்வொரு பெப்ரவரியிலும் என் பெறாமகன் ரொறொன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணியின் எதிர்காலத்தை விற்றுவிடுவான். அது அவனுடைய சொத்தல்ல என்பது அவனுக்கு ஒரு தடையே இல்லை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சோஃபாவில் சாய்ந்து மட்டன் றோலைக் கடித்தபடி, "முதல் சுற்றைக் குடுத்து அந்தாளை எடுக்கவேணும் சித்தப்பா. எடுத்தால் இந்த முறை கப் எங்களுக்குத்தான்" என்பான். லீவ்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967இல். அப்போது அவனுடைய அப்பாவே பிறக்கவில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஓர் ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டால் எத்தனை கோல் என்று அவன் பார்ப்பான். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நான் பார்ப்பேன். எங்களுக்குள் வரும் சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இது தியான் சந்த் ஆடிய ஹாக்கி அல்ல. பனித்தளத்தில், காலில் கத்தி கட்டிக்கொண்டு ஆடுவது. என்எச்எல்லில் 32 அணிகள். பெரும்பாலும் மார்ச்சை ஒட்டி ஒரு கெடு நாள் வரும். அதற்குள் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். காசைக் கொடுத்து ஆளை வாங்க முடியாது. ஆளுக்கு ஆள் கொடுக்கவேண்டும், அல்லது பதினெட்டு வயதுப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும் ட்ராஃப்டில் நமக்குரிய முறையை விட்டுக்கொடுக்கவேண்டும். அதில் முதல் சுற்று முறைக்குத்தான் மதிப்பு. ஒப்பந்தம் முடிந்த நட்சத்திரமோ வழக்கமாக ஜூலை 1ஆம் திகதி சுதந்திர மனிதர். விரும்பிய அணியில் சேரலாம். ஜூலை 1 கனடா தினமும்கூட. நாம் வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அவர் வேறொரு நகரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

அருமையான ஓர் ஆட்டக்காரரை அவருடைய அணி ஏன் மார்ச்சில் விற்கிறது? அவர் அங்கே நிற்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது, அதனால். வாங்குகிறவருக்கும் இது தெரியும். வீடு, வளவு, டொனேஷன் எல்லாவற்றையும் மார்ச்சிலேயே எழுதிக்கொடுத்துவிட்டு, "தாலி கட்டுவதைப் பற்றி ஜூலையில் யோசிப்போம்" என்கிற மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவருகிற கதைதான். மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

2021 ஏப்ரலில் லீவ்ஸ் கொலம்பஸிடமிருந்து நிக் ஃபொலினோவை எடுத்தது. விலை ஒரு முதல் சுற்றும் இரண்டு நான்காம் சுற்றும். அவருடைய அப்பா மைக் ஃபொலினோ முன்பு லீவ்ஸில் ஆடியவர் என்பதால் ரத்தபாசம் பேசிப் பத்திரிகைகள் உருகின. மகன் லீக் ஆட்டங்களில் ஏழு ஆடினார், கோல் இல்லை. கோப்பைக்கான பிளேஓஃபில் மொன்றியலுக்கு எதிராக ஆட்டக் கணக்கில் 3-1 என்று முன்னணியில் இருந்த லீவ்ஸ், தொடரையே தோற்றது. கோடையில் ஃபொலினோ போய்ச் சேர்ந்த இடம் போஸ்டன். லீவ்ஸ் ரசிகருக்கு அதைவிடக் கசப்பான ஊர்ப்பெயர் கிடையாது. பெறாமகன் ஆசையாக வாங்கிய ஃபொலினோ ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் இப்போது என் அண்ணன் வாசலில் ஸ்னோ தள்ளுகிறார்.

ஆனால் இந்த வியாபாரத்தின் மகாபாரதம் என்றால் அது மரியன் ஹோசாவின் கதைதான். 2008 பெப்ரவரி 26 அன்று அட்லாண்டா அவரைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பியது. பிட்ஸ்பர்க் கொடுத்தது கோல்பி ஆர்ம்ஸ்ட்ராங், எரிக் கிறிஸ்டென்சன், ஏஞ்சலோ எஸ்பொசிட்டோ என்ற இளைஞர், கூடவே ஒரு முதல் சுற்று. ஹோசாவோடு பாஸ்கல் டுப்புயி என்று ஒருவரும் கொசுறாக வந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

ஹோசா ஏமாற்றவில்லை. பிளேஓஃபில் மட்டும் 12 கோல் போட்டார். பிட்ஸ்பர்க் இறுதித் தொடர்வரை போய் டெட்ராய்டிடம் தோற்றது. கோடையில் பிட்ஸ்பர்க் நீண்ட ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது. அவர் அதை விட்டுவிட்டு ஒரே ஓர் ஆண்டுக்கு, 74 லட்சம் டொலருக்குக் கையெழுத்திட்டார். எங்கே? தங்களைத் தோற்கடித்த அதே டெட்ராய்டில். அங்கேதான் கோப்பை வெல்லும் வாய்ப்பு கூட என்று காரணமும் சொன்னார்.

மறு ஆண்டும் இறுதியில் மோதியவை அதே இரண்டு அணிகள். தொடர் ஏழு ஆட்டங்கள்வரை போனது. ஏழாவது டெட்ராய்டில், 2-1 என்று வென்றது பிட்ஸ்பர்க். ஹோசா இந்தப் பக்கம் நின்று ஒரு முறை, அந்தப் பக்கம் நின்று ஒரு முறை, இரண்டு ஆண்டும் தோற்ற அணியில். கோப்பையைத் தூக்கியவர்களில் டுப்புயியும் ஒருவர். அவர் பிட்ஸ்பர்க்கிலேயே தங்கி, கடைசிவரை அங்கேயே ஆடி ஓய்வுபெற்றார்.

இதைச் சொன்னபோது பெறாமகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவை முதல் சுற்றைக் குடுத்தது டுப்புயிக்குத்தான் சித்தப்பா" என்றான். அவன் சொன்னதில் நான் ஒப்புக்கொண்ட ஒரே வசனம் அது.

விற்ற அட்லாண்டாவாவது பிழைத்ததா? எஸ்பொசிட்டோவும் சரி, அந்த முதல் சுற்றில் எடுத்த பையனும் சரி, என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2011இல் அணியே மூட்டை கட்டிக்கொண்டு வினிபெக்குக்குப் போய்விட்டது. ஹோசா மட்டும் மூன்றாம் ஆண்டு மூன்றாவது அணியாகச் சிகாகோவுக்குப் போய், 2010இல் கோப்பையை வென்றார். பிறகு அங்கேயே இன்னும் இரண்டு.

கொலம்பஸ் 2019இல் இந்த மூன்று மாத வியாபாரத்தைத் துணிந்தே செய்தது. ஒப்பந்தம் முடியவிருந்த பனாரினையும் பொப்ரோவ்ஸ்கியையும் விற்காமல் வைத்துக்கொண்டு, அதே நிலையிலிருந்த டுஷேனையும் டிசிங்கலையும் வாங்கிச் சேர்த்தது. 62 ஆட்டங்கள் வென்றிருந்த டாம்பாவை முதல் சுற்றிலேயே நாலுக்குப் பூச்சியம் என்று அடித்து அனுப்பியது. அந்த அணி தன் வரலாற்றில் வென்ற முதல் பிளேஓஃப் தொடர் அது. கோடையில் நால்வரும் நான்கு திசைக்குப் போனார்கள். அப்போதைய மனேஜர் யார்மோ கெக்கலைனனை எனக்குப் பிடிக்கும். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார்.

கரோலைனா அப்படியல்ல, சூடு கண்ட பூனை. 2024 மார்ச்சில் பிட்ஸ்பர்க்கிடமிருந்து ஜேக் கென்ட்செலை எடுத்தது. அதற்காகக் கொடுத்தவர்களில் ஒருவர் மைக்கல் பன்டிங், எங்கள் ஸ்காபரோவில் பிறந்த பொடியன். கென்ட்செல் கோடையில் டாம்பாவுக்குப் போனார். 2025 ஜனவரியில் கரோலைனா இன்னும் பெரிய தலையை எடுத்தது: கொலராடோவின் மிக்கோ ரன்டானன். அவருக்கும் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிவு. பின்லாந்துக்காரர், கரோலைனாவில் செபஸ்டியன் ஆஹோ போன்ற ஊர்க்காரர் இருந்தார்கள். ஊர்ப்பாசம் பிடித்து வைக்கும் என்று நினைத்திருக்கலாம். 13 ஆட்டங்களில் இரண்டு கோல். கையெழுத்தைக் காணோம். பழைய சூடு நினைவுக்கு வர, மார்ச் 7 அன்று டல்லாஸுக்கு விற்றுவிட்டார்கள். டல்லாஸில் ஹைஸ்கனன், ஹின்ட்ஸ், லின்டெல், கிரான்லுண்ட் என்று ஓர் ஊர்ச்சங்கமே இருந்தது. தலைவர் செயலாளர் தெரிவு மட்டும்தான் பாக்கி. எட்டு ஆண்டு, 9 கோடியே 60 லட்சம் டொலர்: டிரேட்டோடு சேர்த்தே கையெழுத்தானது. முதல் சுற்று பிளேஓஃபின் ஏழாவது ஆட்டத்தில், தன்னை விற்ற கொலராடோவுக்கு எதிராக, கடைசிப் பகுதியில் மூன்று கோல் போட்டு அதை வீட்டுக்கு அனுப்பினார்.

இதில் ரொறொன்ரோவும் தலையைக் கொடுக்கப் பார்த்தது. ரன்டானனுக்குப் பதிலாக மிச் மார்னரைக் கரோலைனா கேட்டதாகவும், தன் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்த மார்னர் மறுத்துவிட்டதாகவும் செய்திகள் வந்தன. மார்னருக்கும் அதே கோடையில் ஒப்பந்தம் முடிவு. அதாவது நிற்கப்போவது நிச்சயமில்லாத ஒருவருக்கு நிற்கப்போவது நிச்சயமில்லாத இன்னொருவர். ஜூன் 30 அன்று மார்னர் வேகாஸுக்குப் போனார். அந்தப் பருவத்தில் 102 புள்ளிகள் எடுத்த, மார்க்கமில் பிறந்த பிள்ளைக்குப் பதிலாக லீவ்ஸுக்குக் கிடைத்தவர் நிக்கோலா ருவா. நல்ல உழைப்பாளி. ஜெர்சி வாங்க ஆள் வரிசையில் நிற்கவில்லை.

எப்போதுமே நட்டம் என்று நான் சொல்லமாட்டேன். 2023இல் லீவ்ஸ் ரயன் ஓரைலியை எடுத்தது. 2004க்குப் பிறகு முதன்முறையாக ஒரு பிளேஓஃப் சுற்றைத் தாண்டியது. அன்றிரவு ஸ்காபரோவில் கார் ஹோர்ன் சத்தத்தில் யாரும் தூங்கவில்லை. ஜூலையில் அவர் நாஷ்வில்லுக்குப் போனார். போகட்டும். அந்த விலைக்கு அந்த ஓரிரவு தகும். மூன்று மாதத்துக்கு ஆளை எடுத்து, மூன்று மாதத்துக்கான விலையைக் கொடுத்தால் அழ வேண்டியதில்லை. எட்டு ஆண்டுக்கான விலையைக் கொடுத்தவர்கள்தான் கனடா தினத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே லீவ்ஸ் மனேஜர் ஐயா, யாராக இருந்தாலும் உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த பெப்ரவரியில் என் பெறாமகன் சொல்வதைக் கேட்காதீர்கள். டல்லாஸ் செய்ததைப் போல முதலில் கையெழுத்து, பிறகு முதல் சுற்று. கையெழுத்து வராது என்றால், கொசுறாக வரும் ஆள் யார் என்றாவது நன்றாக விசாரித்து வாங்குங்கள்.