உபரித் துப்பாக்கிக்காரர்

உபரித் துப்பாக்கிக்காரர் அமெரிக்காவின் பென்சில்வேனியா, விஸ்கான்சின், மொன்டானா போன்ற வேட்டை மாநிலங்களில் பரவலாகக் காணப்படும் நடுவயது ஆண். மான் வேட்டைக்குப் போதுமான ரைஃபிள் ஒன்று இவரிடம் இருக்கும். எதற்கென்று சொல்ல முடியாத இன்னொன்றும் இருக்கும். அது பெரும்பாலும் 1962-இல் சந்தைக்கு வந்த ரெமிங்டன் 700 வகை; .30-06 தோட்டா போடுவது. மாமனார் விட்டுப்போனது, நண்பர் கடனுக்கு ஈடாகத் தந்தது, கடையில் விலை குறைந்திருந்ததால் மனசு கேட்காமல் வாங்கியது என்று வந்த வழி எதுவாகவும் இருக்கலாம். “இது எப்போது வந்தது?” என்று மனைவி கேட்டால், “இதுவா? ரொம்ப நாளாக இருக்கிறதே!” என்பார். புதிதாக வந்த எல்லாவற்றுக்கும் இவரிடம் இதே பதில்தான்.

வைத்துக்கொள்வதா, மாற்றியமைப்பதா, விற்பதா என்ற யோசனை வேட்டைக்காலம் முடிந்து பெட்டகத்தை ஒழுங்குபடுத்தும்போது தொடங்கும். அடுத்த வேட்டைக்காலம் வரை அது தாங்கும். முடிவெடுக்கத் தெரியாதவர் என்று இவரைக் குறைசொல்வது தவறு. முடிவெடுத்துவிட்டால் பிப்ரவரி மாதத்தில் செய்வதற்கு வேலை இருக்காது.

வைத்துக்கொள்ள மூன்று காரணங்கள் சொல்வார். வயோமிங்கில் எல்க் மான் வேட்டைக்குப் போன இடத்தில் முதல் ரைஃபிள் விழுந்து ஸ்கோப் கோணிக்கொண்டால் என்ன செய்வது? இவர் வயோமிங் போனதில்லை. இரண்டாவது காரணம், மகனுக்கு ஆகும் என்பது. மகன் சியாட்டிலில் மென்பொருள் எழுதுகிறார், இறைச்சியையே விட்டுவிட்டார். மூன்றாவது, 2020-21 தோட்டாத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்தது: கடையில் ஒரு ரகத் தோட்டா தீர்ந்துபோனால் வேறு ரகம் போடும் துப்பாக்கி கைவசம் வேண்டும். இதில் நியாயம் உண்டு. ஆனால் இவருடைய இரண்டு ரைஃபிள்களும் .30-06 தான்.

மாற்றியமைக்கும் கட்டம்தான் இவருடைய பொற்காலம். முதலில் விசை மாறும். ஐந்து பவுண்டு அழுத்தம் கேட்ட பழைய விசையின் இடத்தில் மூன்று பவுண்டில் நழுவும் டிம்னி நிறுவன விசை வந்து உட்காரும். பிறகு குழலைத் தாங்கும் மரக்கட்டை. குழல் மரத்தில் எங்கும் உரசக்கூடாது. உரசினால் சூடேறும்போது குண்டு விலகிப்போகும். இதைச் சோதிக்க ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி, நுனியிலிருந்து அடிப்பகுதிவரை இழுத்துப் பார்ப்பார்கள். எங்காவது சிக்கினால் மணல்தாளை எடுத்து உட்கார வேண்டியதுதான். இந்த வேலையில் முழுசாகத் திரும்பிவரும் ஒரே டாலர் அதுதான்.

அடுத்தது, துப்பாக்கி கட்டையில் ஆடாமல் உட்கார ஊற்றும் எபாக்சிப் படுக்கை; அதற்கடுத்தது குழல். இளையவர்கள் 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கு மாறச் சொல்வார்கள். 1925-இல் வந்த .270-ஐ மிஞ்ச ஒன்றுமில்லை என்பார்கள் பெரியவர்கள். இருதரப்பையும் இவர் கவனமாகக் கேட்பார், இருவரிடமும் தலையாட்டுவார். எல்லாம் முடிந்தபின் பழைய துப்பாக்கியில் மிஞ்சுவது போல்ட்டும், வரிசை எண் பொறித்த நடு உடலும்தான். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அந்த நடு உடல்தான் துப்பாக்கி; ஆகவே மனைவியிடம் “அதே பழைய ரைஃபிள்தான்” என்று சொல்வது சட்டப்படி சரி.

பலன் உண்டு. நூறு கஜத்தில் மூன்று குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் விழும். அந்தக் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ எட்டு அங்குலம் அகலம் என்பதையோ, மாற்றாத துப்பாக்கியே அதைத் தாராளமாக அடிக்கும் என்பதையோ அந்த நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த மாற்றும் ஆசைக்கு முன்னோர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவ ரைஃபிள்கள் மலிவாகக் குவிந்தன: ஜெர்மனியின் மவுசர் 98, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903, நம்மூர்ப் போலீஸ்காரர் தோளில் நெடுங்காலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீ. 1968-இன் துப்பாக்கிச் சட்டம் தடுக்கும்வரை அவை தபாலிலேயே வீட்டுக்கு வந்தன. வாங்கியவர்கள் முன்கட்டையை அறுத்தார்கள், குழலைக் குட்டையாக்கினார்கள், ஸ்கோப் பொருத்தத் துளையிட்டார்கள். மவுசரின் போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடித்ததால் அதையும் சூடேற்றி வளைத்தார்கள். இன்று கை படாத ராணுவ ரைஃபிளுக்குச் சேகரிப்பாளர்கள் கணிசமாகக் கூடுதல் விலை தருகிறார்கள், அறுத்ததைச் சீந்துவாரில்லை. இந்த வரலாறு உபரித் துப்பாக்கிக்காரருக்கு மனப்பாடம். அறுத்த முன்னோர்களை ‘முட்டாள்கள்’ என்று திட்டிக்கொண்டே தன் துரப்பணத்தைத் தேடுவார்.

விற்பது கடைசி வழி. செய்த செலவு முழுவதையும் விலையில் ஏற்றிச் சொல்வார். வாங்க வந்தவர், அடுத்தவர் கைவேலை என்பதால் விலையைக் குறைப்பார். கடைக்காரர் தானும் லாபம் பார்க்க வேண்டியிருப்பதால் இன்னும் குறைப்பார். ஆகவே துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போவார். வாசலில் போல்ட்டைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுவார்கள். குழல் முனையில் ஒரு குச்சி, அதில் விலை எழுதிய காகிதம்; இந்தக் கொடியோடு வரிசை வரிசையாக நடப்பார். அதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் பணம் தருவதாகச் சொல்வதில்லை. தங்கள் கொடியைக் காட்டுகிறார்கள்.

பணம் தரும் ஆள் கிடைத்தால் மிச்சம் எளிது. பல மாநிலங்களில் அதே மாநிலத்தவருக்கு நேரடியாகக் கொடுக்கலாம். கலிபோர்னியா, நியூயார்க், கொலராடோ போன்றவற்றில் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் கைமாற வேண்டும்: 4473 என்ற படிவமும், 1998 முதல் நடைமுறையில் உள்ள பின்னணிச் சோதனையும் உண்டு. மாநில எல்லை தாண்டினால் எங்கும் வணிகர் வழியேதான்.

விற்குமுன் ஸ்கோப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் யோசனை. பழைய ரைஃபிளோடு போகும் ஸ்கோப்புக்கு யாரும் முழு விலை தருவதில்லை. அந்த யோசனையை இவர் ஏற்றுக்கொள்கிறார். துப்பாக்கி போய்விடுகிறது. நல்ல ஸ்கோப் ஒன்று மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது. அதற்குப் பொருத்தமான ரைஃபிள் எது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.