அனுமார் காசும் அத்தானும்

என் அக்கா வீட்டுக்காரர் பழைய காசு வாங்கக் கிளம்பும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். எனக்குக் காசு பார்க்கத் தெரியும் என்பதால் அல்ல. என்னிடம் ஒரு நகைத் தராசு இருக்கிறது. அதை நான் யாருக்கும் இரவல் தர மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

பழைய வெள்ளி ரூபாய் விற்கிறவர்களுக்கு இந்தத் தராசைக் கண்டாலே ஆகாது. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே மாதிரியான ரூபாயை அடிக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரும்வரை கணக்கு ஒன்றுதான்: எடை 11.66 கிராம், அதில் 91.67 விழுக்காடு வெள்ளி. ராஜா போனார், ராணி வந்தார், மறுபடி ராஜா வந்தார், எடை அசையவில்லை. ஒரு கடையில் விக்டோரியா ரூபாய் ஒன்று ஒன்பதரை கிராம்தான் நின்றது. “தேய்மானம் சார், எத்தனை கை மாறியிருக்கும்!” என்றார் கடைக்காரர். ராணியின் தலைமுடியோ இழை இழையாக எண்ணும்படி இருந்தது. முடி தேயாமல் எடை மட்டும் தேய்ந்த அந்த அதிசயத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தோம்.

எடை சரியாக இருந்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. மட்டமான உலோகத்தைக் கொஞ்சம் தடிமனாக வார்த்து எடையைச் சரிக்கட்டும் கைகாரர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் ஒரு டம்ளர் தண்ணீர். டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்க வேண்டும். நல்ல ரூபாய் என்றால் 1.13 கிராமை ஒட்டிக் காட்டும். ஜெர்மன் சில்வர் என்றால் 1.3-ஐத் தாண்டிவிடும். “குடிக்கத் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டால் எல்லாக் கடையிலும் அன்பாகக் கொண்டுவந்து தருகிறார்கள். நூலை வெளியே எடுத்ததும்தான் முகம் மாறுகிறது.

அத்தானுக்கு இதற்கெல்லாம் பொறுமை இல்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்று யாரோ சொல்ல, ‘ஒட்டினால் போலி’ என்று மனப்பாடம் செய்துகொண்டார். 1947-இல் வந்த புலி போட்ட ரூபாய் பச்சக்கென்று ஒட்டியதும் விற்ற பெரியவரிடம் சண்டைக்கே போய்விட்டார். அந்த ரூபாய் நிக்கல். ஒட்டாமல் போயிருந்தால்தான் சண்டை போட்டிருக்க வேண்டும்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் கிடைப்பதரிது. 1938 தாராளமாகக் கிடைக்கும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் சுரண்டல் வேலைதான் என்பதைப் பலர் கண்டுபிடித்துவிட்டார்கள். லென்ஸில் கடைசி எண்ணைப் பார்த்தால் சுற்றிலும் உலோகம் கலைந்திருப்பது தெரியும்.

ஆனால் அத்தானைக் கவிழ்க்க இவ்வளவு கைத்திறன் தேவைப்படவில்லை. 1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, மறுபக்கம் அனுமார். விலை ஒரு லட்சம். நான் தராசைத் திறந்ததும், “அனுமாரையே சந்தேகப்படுறியா மாப்ளே?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கம்பெனியார் வியாபாரிகள், அனுமாருக்குக் காசு அடித்ததே இல்லை. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான ஒரு அணாக் காசு புழக்கத்துக்கு வந்ததே 1907-இல்தான், அதுவும் ஏழாம் எட்வர்டு தலையோடு. இதே அனுமார் 1616, 1717 என்ற ஆண்டுகளோடும் சந்தையில் உலவுகிறார். சிரஞ்சீவி அல்லவா! பூஜைக்கென்று விற்கிற ராமர் டங்கா வேறு விஷயம். அதில் கம்பெனி பெயரைப் போட்டு லட்சம் கேட்பதுதான் விவகாரம்.

விற்க வந்தவர் பொட்டலத்திலிருந்து நாலு அரிசியை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்தார். அரிசி நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டது. அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எதிர்ச் சாரி மளிகைக்கடையில் ஒரு பிடி பொன்னி வாங்கி வந்து வைத்தேன். அசையவில்லை. “கடை அரிசிக்கு அந்த சக்தி வராது சார்” என்றார் அவர். வராதுதான், அதற்குள் யாரும் இரும்பைச் செருகி வைக்கவில்லையே.

சங்க காலத்தில் காசைச் சோதித்துச் சொல்ல வண்ணக்கர் என்று தனியாக ஆட்கள் இருந்தார்கள். வடவண்ணக்கன் பேரிசாத்தனார் போலப் பாட்டெழுதிப் பெயர் வாங்கியவர்களும் உண்டு. அத்தானுக்கு வாய்த்த வண்ணக்கனுக்குப் பாட்டு வராது. திட்டு மட்டும் வாங்கத் தெரியும். “வீட்டுக்கு வர்ற லட்சுமியைத் தடுத்துட்டான்” என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அக்கா வேறு ரகம். போலிக்காரன் புதுக் காசை மண்ணில் புதைத்துப் பழசாக்குகிறான் என்றால், இவள் அத்தான் தப்பித் தவறி வாங்கிய நல்ல காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் புதுசாக்கிவிட்டாள். சேகரிப்பவர்கள் அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் விலையைப் பாதியாக்கிவிட்டார்கள்.

இப்போது அத்தானுக்குப் போனிலேயே அழைப்பு வருகிறது. அவரிடம் இருக்கும் காசுக்கு ரிசர்வ் வங்கியே லட்சக்கணக்கில் தருமாம். முன்பணமாகக் கமிஷன் மட்டும் கட்ட வேண்டுமாம். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்கும் நோட்டுக்கும் கமிஷனோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம், தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டிருக்கிறது. உங்களையும் அப்படி யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். வேறு நம்பர் கேட்டால், தயவுசெய்து எங்கள் அத்தானுடையதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.