பட்டர் பேப்பரில் ஒரு ராணி

1978இல் கும்பகோணத்தில் பழைய செம்பு வாங்கும் கடைகளில் காசுகளையும் தராசில் போட்டுத்தான் விற்பார்கள். உருக்குவதற்கு வரும் ஓட்டைக் குடம், நசுங்கிய சொம்பு, அறுந்த கம்பி இவற்றோடு மூட்டையின் அடியில் அவை கிடக்கும். ஏர் ஓட்டும்போது அகப்பட்டவை, குளம் தூர் வாரும்போது வந்தவை. நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் என்னை ஒருநாளும் விரட்டியதில்லை.

“எடுத்துக்க தம்பி. எடுக்கிற எடைக்குச் செம்பு கொண்டாந்து போட்டுடு. உருக்குறவனுக்கு ராஜா காசும் ஒண்ணுதான், கொல்லைச் சொம்பும் ஒண்ணுதான்.”

எலெக்ட்ரீஷியன்கள் கழித்துப் போட்ட ஒயரைச் சேர்த்து, மேலுறையை எரித்து, செம்பைச் சுருட்டிக்கொண்டு போவேன். அப்படி இரண்டு வருஷத்தில் நூற்றுக்கு மேல் காசு சேர்ந்தது. எது யாருடையது என்று சொல்ல ஒரு புத்தகம்கூட என்னிடம் இல்லை.

முதலில் கிடைத்தது நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட பரமேஸ்வரி லால் குப்தாவின் ‘காயின்ஸ்’. முத்திரைக் காசிலிருந்து நயா பைசா வரை இந்தியா முழுவதையும் சின்ன நூலில் அடக்கியிருந்தார். இன்றைக்கும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். ஆனால் என் மூட்டைக்கு அது போதவில்லை. எங்கள் சரித்திர வாத்தியாரிடம் பிடல்ஃப் எழுதிய ‘காயின்ஸ் ஆஃப் தி சோழாஸ்’ இருந்தது. 1968இல் வாரணாசியிலிருந்து வந்த மெல்லிய நூல். “ராத்திரிக்கு வச்சுக்க, காலையில கொடுத்துடணும்” என்று சொல்லிக் கையில் வைத்தார். மிட்டாய்க் கடையில் பட்டர் பேப்பர் வாங்கி, படங்களின் மேல் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு காசாக நகலெடுத்தேன். விடிவதற்குள் பதினொரு தாள் ஆயிற்று.

அந்த ஒரு ராத்திரியில் கற்றதுதான் இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. பார்ப்பது வேறு, வரைவது வேறு. ராஜராஜன் காசை ஆயிரம் முறை பார்த்திருக்கலாம். முன்புறம் நிற்கும் உருவம், பின்புறம் அமர்ந்த உருவம், அவ்வளவுதான் மனசில் நிற்கும். கோட்டின் மேல் பென்சில் ஓடினால்தான் இடுப்பு எங்கே ஒடுங்குகிறது, முழங்கால் எப்படி மடிகிறது, இடது கைக்குக் கீழே எழுத்துக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பது விரலுக்கு ஏறும். அந்த இடத்தில்தான் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருக்கும்.

என்னிடம் இருந்த நல்ல காசு ஒன்றில் மேலே ‘ஸ்ரீ’ தெளிவாக இருந்தது. அதன் கீழே ‘ராஜ’. அதற்குக் கீழே தேய்மானம். ராஜராஜன்தான், சந்தேகமே இல்லை என்று தனியாக ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினேன். எட்டு வருஷம் அது ராஜராஜனாகவே இருந்தது.

1986இல் சென்னையில் ஒரு பழைய நூலகத்தில் காட்ரிங்டன் எழுதிய ‘சிலோன் காயின்ஸ் அண்ட் கரன்சி’ கிடைத்தது. 1924இல் கொழும்பு அருங்காட்சியக வெளியீடாக வந்த நூல். ஆவலோடு படப் பக்கங்களைப் புரட்டினால், ஒரு இடத்தில் தாளே இல்லை. தையலை ஒட்டி அரை விரல் அகலத்துக்கு ஒரு விளிம்பு மட்டும் நின்றது. யாரோ பிளேடால் அறுத்து எடுத்துப்போயிருந்தார்கள். அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தது இன்னும் விரலில் இருக்கிறது. புத்தகத்தைத் திருடியவனைக்கூட மன்னிக்கலாம், அவன் முழுசாக வைத்திருப்பான். பிளேடு போட்டவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நல்லவேளை, அடுத்த தாள் பிழைத்திருந்தது. அதில் இருந்தது என் தீப்பெட்டிக் காசு. ஆனால் ராஜராஜன் இல்லை. அதே உருவம், அதே அச்சமைப்பு. எழுத்து மட்டும் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’. பொலன்னறுவையின் ராணி. பராக்கிரமபாகுவின் மனைவி, 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக மூன்று முறை அரியணை ஏறியவள். சோழர் காசின் அமைப்பிலேயே இலங்கை மன்னர்கள் வரிசையாகக் காசு அடித்திருக்கிறார்கள். முதல் எழுத்துகள் ஒத்துப்போனதால் நான் ஒரு ராணியை எட்டு வருஷம் ராஜாவாக வைத்திருந்தேன். பையிலிருந்து பட்டர் பேப்பரை எடுத்து அங்கேயே உட்கார்ந்து அவளை வரைந்துகொண்டேன்.

புத்தகம் இல்லாததால் வந்த பிழை இது. புத்தகம் வந்ததும் தீர்ந்தது. தீராத ஒன்றும் உண்டு. சங்க கால மன்னர்கள் சொந்தமாகக் காசு அடிக்கவில்லை என்றுதான் அன்றைக்கு அறிஞர்கள் பலரும் எண்ணினார்கள். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று எழுதிய பாண்டியர் காசைக் கண்டு படித்துச் சொன்ன பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. 1997இல் அவருடைய ‘சங்கம் ஏஜ் தமிழ் காயின்ஸ்’ வந்தபோது வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்து பிரித்தேன். சோழர் பகுதியில் சின்னச் சதுரச் செப்புக் காசுகள். ஒருபுறம் யானை, மறுபுறம் வாலைத் தூக்கிய புலி.

எனக்கு அடிவயிறு கலங்கியது. சதுரமாக, களிம்பேறி, உரு தெரியாத செப்புத் துண்டுகளை அந்த மூட்டையில் எத்தனை முறை ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன்! ஒயர் வீணாகப் போகிறதே என்று வட்டக் காசாகப் பார்த்துப் பொறுக்கினேன். தள்ளியதெல்லாம் புலிக் காசு என்று சொல்ல மாட்டேன். ஒன்றாவது இருந்திருக்கும் என்ற நினைப்பை மட்டும் இன்றுவரை விரட்ட முடியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாததை என் கண் காணவில்லை. அது குடமாகியிருக்கும்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மூட்டையும் இல்லை, தராசும் இல்லை. புத்தகங்களோ அத்தனையும் இருக்கின்றன. மிச்சினர் 1998இல் எழுதிய தென்னிந்தியக் காசு நூலின் தமிழ்நாடு, கேரளம் பகுதி அலமாரியில் இருக்கிறது. கேப்டன் டஃப்னெல் 1889இல் தென்னிந்தியக் காசு சேகரிப்பவர்களுக்கென்றே எழுதிய குறிப்புநூல் கைப்பேசியில் இருக்கிறது. வால்டர் எலியட்டின் ‘காயின்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா’வும் அதிலேயே. அதை எழுதி முடித்த காலத்தில் எலியட்டுக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது என்று பிற்பாடு படித்தேன். பல வருஷம் தென்னிந்தியாவில் பார்த்த காசுகளை அவர் எப்படி மனசுக்குள் வைத்திருந்தார் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த நூலை இன்னும் மெதுவாகப் புரட்டத் தோன்றுகிறது.

இலவசமாகக் கிடைக்கும் மின்நகல்களிலும் குறை இல்லாமல் இல்லை. மடித்து வைத்த தாளை விரிக்காமலே படம் எடுத்திருப்பார்கள். ஒரு பிரதியில், காசு இருக்க வேண்டிய இடத்தில் நகலெடுத்தவரின் கட்டைவிரல் இருக்கிறது. பிளேடு போய் விரல் வந்திருக்கிறது. இதைவிடக் கவலை, நல்ல நூல்களின் படங்களைப் பார்த்தே போலிக் காசு வார்க்கிறார்கள். வார்த்த காசில் ஓரம் மழுங்கியிருக்கும், எழுத்தின் சரிவு சோம்பிக் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவுவது அந்தப் பதினொரு தாள்கள்தான்.

போன மாதம் தங்கை பேத்தி ஒரு காசோடு வந்தாள். திருவிடைமருதூரில் அவள் தோழி வீட்டுப் பழைய அரிசிப் பானையில் கிடந்ததாம். “தாத்தா, ஆப்ல போட்டேன். ராஜராஜ சோழன்னு வந்துடுச்சு.”

வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மேலே ‘ஸ்ரீ’. கீழே ‘ராஜ’. அதற்குக் கீழே பச்சைக் களிம்பு. பீரோவிலிருந்து பட்டர் பேப்பர் கட்டை எடுத்து வந்தேன். மஞ்சளடித்து, மடிப்பில் பொடிந்துகொண்டிருந்தன. பிடல்ஃபிலிருந்து எடுத்த ராஜராஜனை இடது பக்கமும் காட்ரிங்டனிலிருந்து எடுத்த லீலாவதியை வலது பக்கமும் வைத்தேன்.

“ஆப்பை அப்புறம் பாக்கலாம் கண்ணு. காசைச் சாய்ச்சுப் பிடி, வெளிச்சம் பக்கவாட்டுல விழணும். நாலாவது எழுத்து ‘ரா’வா, ‘லீ’யா?”

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். காசை மெல்லத் திருப்பினாள். பிறகு, நான் சொல்லாமலே, ஒரு புதுத் தாளும் பென்சிலும் கேட்டாள்.