ஆய்வகத்து நளன்

பி.எஸ்சி. இயற்பியல் வகுப்பு எதை எடுத்தாலும் இவன் ஒருவன் இருப்பான். வருகைப் பதிவேட்டில் என்ன பெயரோ, நான் வைத்திருக்கும் பெயர் நளன். ரீடிங் சமைப்பதில் இவனை மிஞ்ச ஆளில்லை.

தனி ஊசலை ஆட்டிவிட்டு மற்ற பையன்கள் பதினான்கா பதினைந்தா என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நளன் ஊசலைத் தொடமாட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து, வரவேண்டிய விடையான புவியீர்ப்பு முடுக்கம் 9.8-இலிருந்து பின்னோக்கி நடப்பான். நீளம் 100 செ.மீ. என்றால் இருபது அலைவுக்கு 40.1 வினாடி, 80 என்றால் 35.9. அப்படியே எழுதுவது கத்துக்குட்டி வேலை. 40.1-ஐ 40.3 ஆக்குவான், 35.9-ஐ 35.8 ஆக்குவான். கை நடுக்கத்தைக் கடுகு தாளிப்பதுபோல் அளவாகத் தூவுவான். கடைசியில் 9.77 வரும். “கரெக்டா 9.8 வந்தா நீங்க சந்தேகப்படுவீங்க சார்.”

இதைச் செய்ய ஊசல் பாடம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்பது என் தலையெழுத்து.

அவனைத் திட்டவும் எனக்கு வாயில்லை. விடை கொஞ்சம் விலகினால் மார்க்கில் கைவைத்தவர்கள் நாங்கள்தானே? ஒருநாள் நியூட்டன் வளையச் சோதனை. நடுவில் கரண்ட் போய் சோடியம் விளக்கு அணைந்தது, மாலைவரை வரவில்லை. மணியடிக்கும்போது நளன் நோட்டை நீட்டினான்: அலைநீளம் 5871 ஆங்ஸ்ட்ராம். புத்தகத்தில் 5893.

“விளக்கே எரியலையேப்பா?”

“கரண்ட் போறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் சார்.”

கரண்ட் போனபோது அவன் கேன்டீனில் இருந்தான். நானும் அங்கேதான் இருந்தேன் என்பதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஆராய்ச்சி நெறி பற்றிய பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கட்டாயமாக்கியது. ஆனால் அது முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவர்களுக்கு. நளன் அங்கே போய்ச் சேரும்போது அது பத்து செமஸ்டர் பழகிய கை. சரி, நாமே இங்கே ஆரம்பிப்போம் என்று ஒரு நாள் ஊசலையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு யான் ஹென்ட்ரிக் ஷோன் கதையைச் சொன்னேன். பெல் ஆய்வகத்தில் கொடிகட்டிப் பறந்த ஜெர்மானியர். அவருடைய வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் ஒரே இரைச்சல், ஒரே ஏற்ற இறக்கம். இயற்கை அப்படி ஈயடிச்சான் காப்பி அடிக்காது என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2002-இல் விசாரணை, வேலை போயிற்று.

வகுப்பே கொட்டாவி விட்டது. நளன் மட்டும் குறிப்பெடுத்தான். “அதே இரைச்சலை எதுக்கு சார் திரும்பப் போட்டாரு? சோம்பேறி!”

அன்றே சட்டம் போட்டேன். இனி விடைக்கு மார்க் இல்லை, ரீடிங்குக்குத்தான். பென்சில் கூடாது. தப்பு வந்தால் ரப்பர், ஒயிட்னர் எதுவும் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் முதலில் வந்தது நளனின் நோட்டு. அட்டையில் டீக் கறை. உள்ளே 90 செ.மீ.க்கு 36.2 என்று எழுதி, அடித்து, “ஒரு அலைவு குறைத்து எண்ணிவிட்டேன்” என்று குறிப்பு, கீழே 38.1. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக ஓர் அலைவுதான் குறைகிறது. கண் கலங்கிவிட்டது. முழு மார்க் போட்டேன்.

இரண்டாவது நோட்டிலும் 36.2, அதே கோடு, அதே அலைவு. மூன்றாவதிலும். மொத்தம் ஏழு நோட்டு. ஒன்றில் டீக் கறைகூட அதே மூலையில்.

கூப்பிட்டு ஏழையும் மேஜைமேல் விரித்தேன். நளன் ஒவ்வொன்றாகப் புரட்டினான். முதல்முறையாக அவன் முகத்தில் வெட்கத்தைப் பார்த்தேன்.

“ஷோன் கதைய இவனுங்க ஒழுங்கா கேக்கல சார்.”