பொருள்: கொன்றை பூத்தது தொடர்பாக

அனுப்புநர்: நாலாவது குறுக்குத் தெருவில் குடியிருக்கும், கேமரா வைத்திருக்கும் ஒருவன்.
பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள் (பூங்காக்கள் பிரிவு), நகராட்சி அலுவலகம்.
பார்வை: தங்கள் பூங்கா வாசலில் உள்ள அறிவிப்புப் பலகை.

ஐயா,

பங்குனி பிறந்த கையோடு, தங்கள் பூங்காவின் மேற்கு மதிலோரம் நிற்கும் சரக்கொன்றை, முன் அனுமதி எதுவும் பெறாமல் பூத்துவிட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இலைகளை உதிர்த்துவிட்டு, உச்சி முதல் கீழ்க்கிளை வரை மஞ்சள் சரங்களைத் தொங்கவிட்டிருக்கிறது. கட்டணம் செலுத்தியதாகத் தெரியவில்லை. ரசீதும் இல்லை. அதைப் பார்த்துப் புங்கமும் துணிந்து, தாங்கள் புதிதாகப் பதித்த பேவர் பிளாக் முழுவதும் பூவைக் கொட்டிவைத்திருக்கிறது. வேம்பு பற்றித் தனி மனு தருகிறேன்.

இவற்றைப் படம் எடுக்க வந்த என்னை வாசலிலேயே நிறுத்திய காவலாளியின் கடமை உணர்வைப் பாராட்டுவதற்காகவே இந்தக் கடிதம். கழுத்தில் கேமரா தொங்கியதால் கண்டுபிடித்துவிட்டார். "கேமராவுக்குப் பர்மிஷன் இல்ல சார், போன்ல எடுத்துக்குங்க" என்றார். என் கேமரா பழையது, 24 மெகாபிக்சல். அவர் சட்டைப்பையில் இருந்த போனில் 50. ஆகவே தடை தெளிவான படங்களுக்கு அல்ல, தெளிவு குறைந்த படங்களுக்குத்தான் என்று புரிந்துகொண்டேன். நகராட்சி தரத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது தார்ச்சாலை போடும் ஒப்பந்தக்காரர்களுக்கும் தெரிந்தால் நல்லது.

காரணம் கேட்டேன். "லேடீஸ் வர்ற இடம் சார்." நியாயமான கவலை, இதில் எனக்குக் கேலி இல்லை. நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பெண்ணை அவருக்குத் தெரியாமல் படம் எடுப்பவனை வெளியே தள்ளத்தான் வேண்டும். ஆனால் அப்படிப்பட்டவன் ஒரு கிலோ எடையுள்ள கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முழந்தாளிட்டு, புங்கம்பூவுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு கால் மணி நேரம் கிடக்க மாட்டான். போனைக் காதில் வைத்தபடி பேசுவதுபோல் நடப்பான். அவனுக்குத்தான் தங்கள் பலகை வழிவிட்டிருக்கிறது.

தடை எல்லோருக்கும் இல்லை என்பதையும் நன்றியுடன் குறிப்பிடுகிறேன். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு அனுமதி உண்டு, கட்டணம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாப்பிள்ளை, குளிர்க்கண்ணாடி அணிந்து, கொன்றைக் கிளையைப் பிடித்து உலுக்க, பூமாரி பொழிய, மணப்பெண் சுழன்றார். ட்ரோன் பறந்தது. குயில் கூவலை நிறுத்தியது. அதே நேரத்தில் நான் வெளியே அருகம்புல் ஜூஸ் விற்கும் அக்காவின் தள்ளுவண்டி அருகே நின்றிருந்தேன். "ஏன் தம்பி, நீயும் ஒரு பொண்ணு பாத்துக்கிட்டு வந்தா உள்ள விட்டுருவாங்கல்ல?" என்றார். எனக்குக் கல்யாணமாகிப் பல காலம் ஆகிறது. இந்தப் பிரிவில் எனக்குச் சலுகை ஏதும் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

இந்தியத் தொல்லியல் துறை 2018இல், தன் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் மூன்றைத் தவிர மற்ற இடங்களில் படம் எடுக்கலாம் என்று அறிவித்தது. அந்த மூன்று: அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறை மண்டபம். நான்காவது நம் வார்டில் இருப்பது ஊர்க்காரர்களுக்கே தெரியாது. இங்கு பாதுகாக்க வேண்டியவை இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஒரு கொம்பு போன சிமென்ட் மான், வாயில் குப்பை போடச் சொல்லும் பென்குவின், தண்ணீர் வராத நீரூற்று, திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டு. கல்வெட்டில் பெயர்களை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். அஜந்தாவில் ஓவியத்துக்கு இந்தக் கவனிப்பு கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தாங்கள் கேட்கலாம், ஒரு மரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. கொன்றைப் பூவில் மூன்று மகரந்தத் தாள்கள் மட்டும் நீண்டு வளைந்திருக்கும். மகரந்தம் சுலபத்தில் உதிராது. கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில்தான் நுண்துளை வழியாகத் தூள் வெளியே வரும். கேட்டிருக்கிறீர்களா அந்தச் சத்தத்தை? பறக்கும்போது ஒரு சுருதி, பூவைப் பிடித்தபின் வேறொரு சுருதி. இதைப் படமாக எடுக்க நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். காலை ஏழரைக்குமேல் வெயில் வெளுத்துப்போய் மஞ்சளெல்லாம் சுண்ணாம்பாகிவிடும். பூங்காவைத் தாங்கள் திறப்பது காலை ஐந்துக்கு, சாத்துவது ஒன்பதுக்கு. இந்த நேரக் கணக்கை வகுத்தவர் நிச்சயம் ஒளிப்படக்காரராகத்தான் இருக்க வேண்டும். பலகை எழுதியவர் வேறு பிரிவு.

தேன்சிட்டு ஒன்று நுழைவாயில் சிசிடிவி கேமராவின் வயரில் கூடு கட்டியிருப்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். சிலந்தி நூலையும் சருகையும் நாரையும் சேர்த்துப் பெட்டைதான் கட்டுகிறது. ஆண் பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுக்கிறது. (ஒப்பந்தப் பணிகளில் மேற்பார்வையாளர் பார்க்கும் வேலைதான்.) பறவை இவ்வளவு நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால், அந்தக் கேமரா வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது. அதைப் பழுதுபார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குஞ்சு பொரிக்கட்டும். இந்தப் பூங்காவில் கட்டணம் இல்லாமல் அனுமதி பெற்ற ஒரே கேமரா அது.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் தான் மறையும்வரை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதியவர். காட்டு யானைகளைப் படம் எடுத்த அதே அக்கறையோடு வீட்டுப் புறாவையும் அணிலையும் கவனித்து எழுதினார். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. பல பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய ஒரு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். அவர் நம் பூங்காவுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். "பெருசு, அது என்ன மெஷினு? ட்ரோனா?" என்று விசாரணை நடந்திருக்கும். கறுப்பு வெள்ளைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற விவரம் பலகையில் இல்லை.

இன்னொரு தகவலும் கோப்பில் சேர வேண்டும். பலகை வருவதற்கு முன், இங்கு தினமும் நடக்கிறவர்களை, கேட்டுக்கொண்டு, அவ்வப்போது எடுத்துக் கொடுப்பேன். சிரிப்பு மன்றத்தார் கையைத் தூக்கிச் சிரிப்பது, சித்திரை பிறப்பதற்கு முந்தைய வாரம் பாட்டிகள் வேப்பமரத்தடியில் பழைய சேலையை விரித்துப் பூ பொறுக்குவது, விஷுவுக்குக் கொன்றை கேட்டுவரும் எதிர்வீட்டு மலையாளக் குடும்பம். பச்சடிக்குப் போக மீந்த வேப்பம்பூவைக் காயவைத்துப் பாட்டிகள் ஆளுக்கொரு பொட்டலம் தருவார்கள்; அதுதான் என் சம்பளம். சிமென்ட் பெஞ்சில் செய்தித்தாள் படிக்கும் ஒரு தாத்தாவையும் எடுத்தேன், பின்னால் கொன்றை மங்கலாக மஞ்சள் பூசினாற்போல. பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது "என் கல்யாணத்துல கூட இப்டி எடுக்கலயேப்பா" என்றார். போன மாதம் அவர் இறந்துபோனார். வீட்டில் தேடியபோது ஆதார் அட்டைப் படமும் இந்தப் படமும்தான் இருந்தனவாம். கண்ணீர் அஞ்சலி பேனரில் இதைத்தான் போட்டார்கள். பூங்காக் கம்பியில், தங்கள் பலகைக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். "புகைப்படம் எடுக்கக் கூடாது" என்ற வரிக்கு அருகில் தாத்தா பூங்காவுக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பேனருக்கு அனுமதி வாங்கியிருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. தாங்களும் கேட்கவில்லை. நன்றி.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறதே, 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, இந்தத் தடை எந்தத் தீர்மானத்தின்படி வந்தது என்று கேள் என்றார் நண்பர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதில் தர 30 நாள். அதற்குள் பங்குனி போய், சித்திரையில் பாதி போய், பூ கொட்டத் தொடங்கியிருக்கும். பதில் திருப்தியில்லை என்று முதல் மேல்முறையீடு செய்தால் இன்னொரு 30 நாள், காரணம் எழுதினால் 45 வரை நீளும். அதற்குள் அக்னி நட்சத்திரமே முடிந்திருக்கும். மரத்தில் காய்தான் தொங்கும். தங்கள் கோப்புகளில் வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கை இருக்கிறது, கோடைக்காலக் குடிநீர்த் தட்டுப்பாடு இருக்கிறது, கொசு ஒழிப்பு வாரம் இருக்கிறது. இளவேனில் என்று மட்டும் ஒரு கோப்பு இல்லை. சித்திரையும் வைகாசியும் எந்த எழுத்தர் மேசையில் இருக்கின்றன என்று தெரிவித்தால் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆகவே அனுமதி கோரியே விண்ணப்பிக்கிறேன். படிவத்தைத் தங்கள் அலுவலகத்தில் வாங்கினேன். படம் எடுக்கும் நோக்கம் என்ற கட்டத்தில் 'விளம்பரம், திரைப்படம், திருமணம், இதர' என்று இருக்கிறது. 'இதர'வை டிக் செய்திருக்கிறேன். படப்பிடிப்பில் பங்கேற்போர் எண்ணிக்கை என்ற இடத்தில் வண்டுகளைச் சேர்க்க வேண்டுமா என்று தெரியாததால் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரி நிலுவை இல்லாத வார்டுவாசி

இணைப்பு: விண்ணப்பம், மூன்று பிரதிகள். சொத்து வரி ரசீது நகல். படிவத்தில் கேட்டபடி பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இரண்டு (ஸ்டுடியோவில் எடுத்தவை, பூங்காவில் அல்ல).