டீசலியலும் பெட்ரோலியலும்: கோப்பெங் வழக்கு நோக்கில் ஓர் ஆய்வு

பாயிரம்

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வரங்கில் முன்வரிசையில் மாட்டிக்கொண்டேன். ஒருவர் நாற்பது நிமிடம் வாசித்தார். முப்பத்தெட்டு மேற்கோள்கள், அவற்றில் பாதி அவருடைய முந்தைய கட்டுரைகளிலிருந்தே எடுத்தவை. ‘இது மேலும் ஆய்வுக்குரியது’ என்று முடித்துப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். இதை நாமும் செய்யலாமே என்று தோன்றியது. பொருள்தான் அகப்படவில்லை. அதை மச்சான் கொடுத்தார்.

குடும்பத்துக்கு ஒரு கார் வேண்டும், அது கொஞ்சம் ‘ஸ்போர்ட்டி’யாகவும் இருக்கவேண்டும். டீசலா, பெட்ரோலா? 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியபோது இந்த வினாவை யாரும் எழுப்பவில்லை. அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது.

நூலின் எல்லை: வடக்கே சிம்பாங் பூலாய், தெற்கே தெம்புருங் குகை. களம்: ஒட்டுக்கடை. கேட்போர்: கடன் அடைத்துக்கொண்டிருப்போர். பயன்: இல்லை.

பெயரியல்

டீசல் என்பது தமிழே. தீ + செல் = தீசெல்; அது மருவி டீசல். தீயால் செல்வது என்பது பொருள். (ஒட்டுக்கடை வாய்மொழி, இரண்டாம் மேசை, தே தாரிக்கு முன்.) ‘அப்படியானால் வல்லினம் மிகுந்து தீச்செல் என்றல்லவா வரவேண்டும், ச் எங்கே போயிற்று?’ என்று ஐயுறுவோர் உளர். டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து காணாமல் போனார். ஆளே தொலைந்த இடத்தில் ஓர் ஒற்று தொலைந்ததற்கு வழக்கு எதற்கு?

பெட்ரோல் என்ஜினுக்கு மூலபுருஷர் நிக்கோலஸ் ஓட்டோ. அவருடைய நான்கு வீச்சு என்ஜின் 1876இல் ஓடியது. ஓட்டோ = ஓட்டு + ஓ. ஈற்று ஓகாரம் ஐயப்பொருளில் வந்தது: ‘ஓட்டலாமோ?’ (மேற்படி, தே தாரிக்குப் பின், இங்கே பாடபேதம் உண்டு.) நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், இதைவிட மோசமான சொற்பிறப்புகளுக்கு மாலை போட்டுக் கைதட்டிய மண்டபங்களை நினைத்துப் பார்க்கவும்.

ஸ்போர்ட்டியியல்

முன்னிருக்கைக்காரர் விளையாட, பின்னிருக்கைக்காரர் வாந்தி எடுக்கும் வாகனம் ஸ்போர்ட்டி குடும்பக் கார் எனப்படும். சிவப்பு நூல் தையல் இதன் புற அடையாளம். நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர்தான் என்பதை இந்த இயலில் யாரும் பேசுவதில்லை.

நிறவியல்

வெள்ளை.

வினையியல்

டீசல் என்ஜின் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினைந்து பதினெட்டு மடங்கு நெருக்குகிறது. நெருக்க நெருக்கக் காற்று கொதிக்கிறது; அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே டீசல் தன்வினை. பெட்ரோலில் நெருக்கம் பத்து, பன்னிரண்டு மடங்குதான். ஸ்பார்க் பிளக் வந்து பொறி வைத்தால்தான் பற்றும். ஆகவே பெட்ரோல் பிறவினை. இவ்வளவு தெளிவான இலக்கணத்தை ஜப்பானின் மாஸ்டாக்காரர்கள் கெடுத்தார்கள். அவர்களுடைய ஸ்கைஆக்டிவ் வரிசையில் டீசலுக்கும் 14 மடங்கு, சில நாடுகளில் விற்ற பெட்ரோலுக்கும் 14 மடங்கு. தன்வினையும் பிறவினையும் ஒரே வாய்பாட்டில் வந்தால் மாணவர்கள் என்ன செய்வார்கள்?

முறுக்கியல்

மச்சான் 2024 தொடக்கத்தில் வாங்கியது அந்த மாஸ்டா 6 டீசல், இரண்டாம் கை. 2.2 லிட்டர்; 2000 சுற்றிலேயே 420 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. எனக்குப் பிடித்த ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல் புரோட்டோன் எக்ஸ்50இன் பழைய உயர்ரக மாடலில் 255. “முறுக்குன்னா இதுலா, மச்சான்! லோரியைத் தாண்ட கியரே குறைக்க வேணாம்,” என்றார் அவர். தெம்புருங் ஏற்றத்தில் உட்காரவைத்துக் காட்டினார். உண்மைதான். வலப்பாதையில் மிதித்தார், ஈய லோரி, மரக்கட்டை லோரி, செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மூன்றும் பின்னால் போயின. பின்னிருக்கையில் அம்மா மடியில் வைத்திருந்த உண்மையான முறுக்கு டப்பாவும் பின்னால் போயிற்று.

எந்த முறுக்கும் அளவோடு வேண்டும் என்பதற்குச் சான்று நம் ஊர்ப் பக்கமே நிற்கிறது. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் மின்தூக்கிக்கெல்லாம் இடம்விட்டு மாளிகை எழுப்பினார். 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் வழியில், உயர்ரக மாடல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம்.

ஒலியியல்

இனி வருவதே இந்நூலின் உயிர்நிலை. முந்தைய ஆய்வாளர்கள் டீசலின் ஓசையைச் ‘சத்தம்’ என்று ஒரு சொல்லில் கடந்துபோனார்கள். அது சத்தமன்று, யாப்பு.

காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த டீசல் என்ஜினை எழுப்பினால் வரும் ஓசை: தடக்கு தடக்கு தடக்கு தடக்கு. அலகிட்டுப் பார்க்க. தடக் — நிரை. கு — நேர். நிரைநேர் புளிமா. புளிமாவை அடுத்து மறுபடியும் நிரையில் தொடங்கும் புளிமா. மாமுன் நிரை வந்தால் இயற்சீர் வெண்டளை. ஒரு தளைகூடத் தட்டவில்லை. நம் ஊர்க் கவியரங்குகளில் இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை.

இங்கே ஒரு பிணக்கு உண்டு. ஈற்றில் நிற்பது குற்றியலுகரமாதலால் ‘தடக்கு’ முழுவதும் நிரைபு என்னும் ஒரே அசை என்பர் தொல்காப்பிய வழியினர். காரிகை வழியினர் ஒப்பமாட்டார்கள். பட்டறைக்கார அப்பெக் இரு தரப்பையும் மறுத்து, இன்ஜெக்டர் அழுக்கு என்கிறார். (பட்டறைச் சுவர், கிரீஸ் படிந்த வலப்பக்கம், எட்டாம் எண் ஸ்பானர் தொங்கும் ஆணிக்கு நேர் கீழே, பென்சிலால் எழுதிய மூன்றாம் வரி. ஸ்பானரைத் தூக்கினால்தான் வாசிக்க முடியும் என்பது பழைய நிலை. ஸ்பானர் களவு போனபின் இப்பாடம் அனைவர்க்கும் கிடைக்கிறது.)

வெண்பா என்றால் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்றில் முடியவேண்டும். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தும்போது கடைசியாக ஒருமுறை உடம்பைக் குலுக்கி ‘டக்கு’ என்கிறதே, அதை அலகிடுக. டக் — நேர். கு — குற்றியலுகரம். நேர்பு. வாய்பாடு: காசு.

டீசல் கார் காசில்தான் முடிகிறது. இதை நான் மச்சான் கார் வாங்குமுன்பே கண்டுபிடித்திருந்தால் அவருக்குச் சொல்லியிருப்பேன்.

பெட்ரோலுக்கு வருவோம். நல்ல நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் நின்ற இடத்தில் ‘ம்ம்ம்ம்’ என்கிறது. ஒற்று தனித்து அசையாகாது. ஒற்றளபெடை எனலாமோ என்றால், ஒற்றளபெடை ஒரு குறிலின் கீழோ குறிலிணையின் கீழோதான் வரும். இங்கே முன்னால் உயிரெழுத்தே இல்லை. உயிரில்லாத மெய். பெட்ரோல் காருக்கு யாப்பு கிடையாது என்று இந்த இயலை முடிக்கப்போன நேரத்தில் வலப்பக்க வீட்டுக்காரர் அந்தப் பழைய மாடல் எக்ஸ்50 ஒன்றை வாங்கிவிட்டார். அதில் மூன்றே சிலிண்டர். நின்ற இடத்தில் லேசாகத் துடிக்கிறது. துடித்தால் அசை, அசைந்தால் சீர். மூன்று சீர் கொண்டது சிந்தடி. இடப்பக்கம் மச்சான் வீடு: நான்கு சிலிண்டர் டீசல், நாற்சீர், அளவடி.

முதலடி அளவடி, ஈற்றடி சிந்தடி. இருவரும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்பும் நாட்களில் என் படுக்கையறையில் நிறைவான குறள் வெண்பா ஒன்று ஒலிக்கிறது. பொருள் மட்டும் இன்னும் விளங்கவில்லை. பொருள் விளங்காத செய்யுளுக்கு ஆறு உரை எழுதிய மரபு நமக்கு இருப்பதால் கவலை இல்லை.

எண்ணெயியல்

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் நாட்டில் 2019இலிருந்து டீசலில் நூற்றுக்குப் பத்து பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து வந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். ரப்பர் மரங்களைச் சாய்த்துத் தோட்டம் செம்பனைக்கு மாறியபின், குனிந்த முதுகு நிமிராமல் உதிரிப் பழம் பொறுக்கியவர் அவர். கோணி எடைக்குக் கூலி. “அப்போ நான் பொறுக்குனதைத்தான் இப்போ ஊத்திக்கிட்டு ஓடுறீங்களா?” என்றார். கொஞ்சநேரம் கழித்து, “அப்போ முன் சீட்டு எனக்கு,” என்றார். இதற்கு எதிர்வாதம் எந்த நூலிலும் இல்லை.

காசியல்

2024 ஜூன் 10. தீபகற்ப மலேசியாவில் டீசல் உதவித்தொகை எடுக்கப்பட்டது. ஒரு லிட்டர் 2 வெள்ளி 15 காசு, விடிந்தால் 3 வெள்ளி 35 காசு. அறுபது லிட்டர் நிரப்பினால் கூடுதல் 72 வெள்ளி. சபாவிலும் சரவாக்கிலும் பழைய விலையே இருந்தது. மச்சான் ஒருநாள் முழுவதும் சபா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவியும் அறிவித்தார்கள். திட்டத்தின் பெயர் ‘புடி’. மச்சான் அதைப் ‘பிடி’ என்றே வாசித்தார். பின்னர் விலை ஏறி இறங்கினாலும் அவர் முகம் இறங்கியதோடு சரி. பெட்ரோல் ரோன்95 அப்போது 2 வெள்ளி 5 காசு. 2025 செப்டம்பர் 30 முதல் அடையாள அட்டையைக் காட்டும் குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை என்று தொடங்கினார்கள்.

விலையை விட்டாலும் ஒன்று இருக்கிறது. இக்கால டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. அது சூடேறி, சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொள்ள நெடுந்தூர ஓட்டம் வேண்டும். தினமும் தாப்பா தாண்டிப் போகிறவருக்கு டீசல் சரி. சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் இரண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பட்டறையில் பில் போடும்போது யாப்பு உதவாது. என் ஓட்டம் இரண்டாம் வகை. நான் பெட்ரோலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நிறத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

இது மேலும் ஆய்வுக்குரியது. பொன்னாடை தர விரும்புவோர் ஒட்டுக்கடையில் கொடுத்துவிடலாம். மச்சானுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு வாரமாக உங்கள் கார் நிற்கும்போது ஒரு ‘டக்கு’ போதாமல் ஏழெட்டு அடித்துக் குலுங்குகிறது. ஈற்றடியில் அவ்வளவு சீர் வரக்கூடாது. என்ஜின் மவுண்டிங் தேய்ந்திருக்கும். சனிக்கிழமை அப்பெக்கிடம் காட்டுங்கள், பன்னிரண்டு மணிக்குள் போனால் ஆள் இருப்பார்.