ஏ.சி. கேட்காத எக்ஸ்சேஞ்ச்

கேள்வி: தொழில்நுட்பத்தை வெளிநாட்டில் வாங்கினால் போதாதா? நாமே மெனக்கெட வேண்டுமா?
– வாசகர், பீர்க்கன்கரணை

பதில்: தாராளமாக வாங்கலாம். நம் ஊர் வெயிலையும் மின்வெட்டையும் அந்த மெஷினுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

1984-இல் பக்கத்துத் தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. அதே ஆண்டு அரசு தொடங்கிய தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டுக்கு வேறு வேலை: உள்ளூருக்கு டெலிபோன். அன்று போனுக்கு எழுதிப்போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தாத்தா விண்ணப்பித்தால் பேரன் 'ஹலோ' சொல்வான் என்கிற கதை!

சாம் பிட்ரோடா முன்னின்ற சி-டாட்டுக்குக் கிடைத்தது 36 கோடி ரூபாய், 36 மாதக் கெடு. இளம் பொறியாளர்கள் வடிவமைத்த கிராம எக்ஸ்சேஞ்சுக்கு ஏ.சி. அறை தேவைப்படவில்லை, வெயிலையும் தூசியையும் தாங்கியது. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதல் மணி அடித்தது. வடிவமைப்பை உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கும் கொடுத்தார்கள்.

செல்போன் வந்ததும் பழையபடி வெளிநாட்டுக் கருவிகளுக்கே ஆர்டர் போட்டோம்.

இப்போது பி.எஸ்.என்.எல். 4ஜி-யின் மையத் தொழில்நுட்பம் மறுபடியும் சி-டாட் கைவண்ணம். ஏரிக்கரையில் சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்பதை பீர்க்கன்கரணைக்காரர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.